புதுப்பிப்பு: கோல்ஃப் கார்ட்டை உயர்த்தி 22 அங்குல டயர் மாட்டியாச்சு

18 அங்குல டயர் இருந்த பழைய பேட்டரி கார்ட்டில் 22 அங்குல டயரைக் குறைந்த செலவில் மாட்ட வழி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, வேலை முடிந்துவிட்டது.

பெரிய டயர் உரசாமல் இருக்க கார்ட்டை உயர்த்த வேண்டும், அதற்கு இரும்புக் கட்டை வெட்டி வைக்கலாம் என்றுதான் முதலில் இருந்தேன். அது வேண்டாம், பழைய ஸ்பிண்டில் லிஃப்ட் கிட் (முன்சக்கரத்தைத் தாங்கும் அச்சுத் துண்டை மாற்றி வண்டியை உயர்த்தும் உதிரித் தொகுப்பு) ஒன்றைத் தேடி வாங்கி, அதிலுள்ள புஷ்ஷை (திரும்பும் இணைப்புக்குள் இருக்கும் உறை) மட்டும் புதிதாகப் போடுங்கள் என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் கைகொடுத்தது. வாங்கிய கிட்டில் புஷ் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது, அப்படியே மாட்டியிருந்தால் ஸ்டியரிங் ஆடிக்கொண்டே இருந்திருக்கும். பின்பக்கத்தை உயர்த்த, கிட்டோடு வந்த பிளாக்கும் (இடையில் வைக்கும் கட்டை) அதைப் பிடித்து இறுக்கும் நீளமான யு-போல்ட்டும் போதுமானதாக இருந்தன.

எதிர்பாராதது என்னவென்றால், உயர்த்தியதும் முன்சக்கரம் இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்து நின்றன. ஓட்டிப் பார்த்தபோது டயர் கீச்சிட்டது. இரண்டு டயரின் நடுவிலும் சாக்பீஸால் கோடு போட்டு, முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை டேப் பிடித்து அளந்து, முன்னளவு கொஞ்சம், அதாவது கால் அங்குலத்துக்குள், குறைவாக வரும்வரை டை ராடை (ஸ்டியரிங்கை முன்சக்கரங்களோடு இணைக்கும் தண்டு) திருகினேன், அப்புறம் சத்தமே இல்லை.

இன்னொன்று, டயர் ஒரு சுற்றுக்கு முன்பைவிட 22 சதவீதம் அதிக தூரம் போகிறது. சமதளத்தில் வேகம் கூடுகிறது, ஆனால் மேட்டில் இழுவை குறைகிறது, பிரேக் பிடித்தால் நிற்கவும் தூரம் அதிகமாகிறது. உயர்த்தியதில் பிரேக் கேபிள் இழுபட்டு விறைத்துப் போகாமல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சக்கர நட்டுகளை முதல் நாள் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி முடுக்கினேன், இரண்டு தளர்ந்திருந்தன.