திங்கட்கிழமை வேன் எங்கே போகிறது?

குழு: கும்பகோணம் தாத்தா குடும்பம்

சித்தப்பா: ஞாயிறு திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்து ராத்திரி கும்பகோணத்தில் தங்குகிறோம். திங்கள் மதியம் 2 மணி வரை வேன் நம்மிடம்தான். எங்கே போகலாம் என்று இன்றைக்குள் சொல்லுங்கள், டிரைவர் கேட்கிறார்.

அத்தை: திருநாகேஸ்வரம். திங்கள் ராகு காலம் 7.30. பாலாபிஷேகத்துக்குச் சரியாக இருக்கும்.

மாலதி: யாருக்காக அத்தை?

அத்தை: பொதுவாகத்தான்மா.

கார்த்தி: அப்பா இன்னும் படிக்கவில்லை போல. படித்தால் தாராசுரம்தான்.

பெரியப்பா: படித்துவிட்டேன். தாராசுரம் பார்க்காமல் திரும்பக் கூடாது. ஊரிலிருந்து 4 கிலோமீட்டர். தஞ்சாவூர் விமானம் 216 அடி, இது 80 அடிதான். ஆனால் இது குனிந்து பார்க்க வேண்டிய கோயில். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 1146-லிருந்து 1173 வரை ஆண்டவன். அவன் அப்பா இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்தான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார். மகன் அதைக் கல்லிலேயே செதுக்க வைத்துவிட்டான். கருவறைச் சுவரின் அடியில் சின்னச் சின்னதாக நாயன்மார் கதைகள் சுற்றிக்கொண்டே போகும், கண்ணப்பர் இருக்கிறார், முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் கதை இருக்கிறது. நின்றபடி போனால் ஒன்றும் தெரியாது. தரையில் உட்கார வேண்டும்.

சித்தப்பா: அண்ணா, டிரைவருக்கு ஊர்ப் பெயர் மட்டும் போதும்.

சித்தி: தரையிலா? பெரியம்மாவுக்கு முட்டி வலி.

பெரியம்மா: நான் மண்டபத்தில் உட்கார்ந்துகொள்வேன், பரவாயில்லை.

கார்த்தி: வெயில்?

பெரியப்பா: 12 மணிக்கு நடை சாத்திவிடுவார்கள், அதனால் 9 மணிக்காவது உள்ளே போய்விட வேண்டும்.

அத்தை: (பல முறை அனுப்பப்பட்டது) தாராசுரம் கோயிலுக்கும் தஞ்சாவூர் அரண்மனைக்கும் நடுவே ரகசியச் சுரங்கம்! தமிழனின் அறிவு! பகிருங்கள்!

பெரியப்பா: கீதா, இதை நம்பாதே. அந்த அரண்மனை நாயக்கர் காலத்தில் வந்தது, கோயில் கட்டி ஏறக்குறைய 400 வருஷம் கழித்து. ராஜராஜன் யாருக்காகச் சுரங்கம் வெட்டுவான்? ஆனால் இரண்டுக்கும் நிஜமாகவே ஒரு தொடர்பு உண்டு. சாளுக்கியரின் கல்யாணபுரத்தை வென்று முதலாம் ராஜாதிராஜன் கொண்டுவந்த துவாரபாலகர் சிலை தாராசுரத்தில்தான் இருந்தது, இப்போது அந்த அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கிறது. கொண்டுவந்த கதையைச் சிலையின் அடியிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். இதை அனுப்பு நாலு பேருக்கு.

அத்தை: சரி அண்ணா, அழித்துவிட்டேன்.

மாலதி: பட்டுப்புடவை அங்கேயே நெய்கிறார்களாமே? நெசவுத் தெருவும் போகலாமா?

சித்தி: அதற்கு நேரம் வைத்தால் சாப்பாட்டுக்கு இருக்காது.

சித்தப்பா: புடவைப் பேச்சே வேண்டாம். பட்ஜெட் ஏற்கனவே தாண்டிவிட்டது.

பெரியப்பா: கார்த்தி, உன் பையனிடம் ஒன்று சொல்லி வை. அங்கே ஒரு காளையும் யானையும் ஒரே தலையோடு ஒட்டி நிற்கும். யானையின் உடம்பை உள்ளங்கையால் மறைத்தால் காளை, காளையின் உடம்பை மறைத்தால் யானை. அவனே கண்டுபிடிக்கட்டும். கல்லில் கை படாமல், கொஞ்சம் தள்ளி நின்று மறைக்கச் சொல். சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் மாதிரி இருக்கும் ராஜகம்பீரன் மண்டபத்தில் யாரும் ஏறித் தொங்கி போட்டோ எடுக்க வேண்டாம். தூணில் திருநீறு, குங்குமம் எதுவும் தேய்க்காதீர்கள். 800 வருஷத்துக்கு மேல் நின்ற கல், நம் விரல் பட்டுத் தேய வேண்டாம்.

நான்: பெரியப்பா, தாத்தா உங்களை அங்கேதானே சைக்கிளில் கூட்டிப்போவார்?

பெரியப்பா: ஆமாம். முன் கம்பியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார வைப்பார். அந்தச் சக்கரத்தை வரைந்து காட்டும்வரை வீட்டுக்குத் திரும்ப விட மாட்டார். ஆரக்காலை எண்ணாமல் வரைந்தால் அழித்துவிடுவார். நான் டிராயிங் மாஸ்டர் ஆனதே அதனால்தான்.

அத்தை: அந்த நோட்டு எங்கே?

சித்தப்பா: வீடு காலி செய்தபோது எதிலோ போயிருக்கும்.

அத்தை: வீட்டை விற்றபோதும் இப்படித்தான் சின்னண்ணா, அப்புறம் பேசலாம் என்று சொன்னீர்கள். பேசவே இல்லை.

சித்தப்பா: கீதா, என் அறுபதுக்கு முன்னால் இது வேண்டுமா?

சித்தி: வாழைப்பழம் எத்தனை சீப்பு சொல்வது?

பெரியப்பா: [படம்]

பெரியப்பா: நோட்டு என்னிடம்தான் இருக்கிறது கீதா. செல்லரித்தது போக பதினோரு பக்கம். கேட்டால் சண்டை வருமோ என்று யாரிடமும் சொல்லவில்லை. திங்கள் கொண்டுவருகிறேன், சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அத்தை: எனக்கு முதலில் காட்டுங்கள் அண்ணா.

கார்த்தி: அப்பா, என்னிடம்கூடச் சொல்லவில்லையே!

அத்தை: அப்படியானால் 6.45-க்குக் கிளம்பி திருநாகேஸ்வரம், 9 மணிக்குத் தாராசுரம்.

மாலதி: எனக்காக யாரும் பால் ஊற்ற வேண்டாம். நான் பெரியப்பாவோடு ஆட்டோவில் நேராகத் தாராசுரம் போய்விடுவேன்.

பெரியப்பா: வா மாலதி. எம தீர்த்தமும் அங்கேதான். முதல் நாள் எமனை உதைத்த ஊரில் மாலை மாற்றிவிட்டு மறுநாள் எமனுக்கே சாபம் தீர்ந்ததாகச் சொல்லும் குளத்தைப் பார்ப்பது சரியான வரிசைதான்.

பெரியம்மா: ஆட்டோவில் எனக்கும் ஓர் இடம்.

சித்தப்பா: அப்போது வேனில் யார் யார்? டிரைவர் 12 சீட்டா 17 சீட்டா என்கிறார்.

சித்தி: பழம்?