நாய்ஸ் ரெஸ்பைட்டுக்கு ‘முறைப்பறப்பு’: என் தரப்பு

விமான இரைச்சல் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

‘நாய்ஸ் ரெஸ்பைட்’, அதாவது விமானப் பாதையின் கீழ் இருக்கும் ஊருக்கு முன்கூட்டி அறிவித்துத் தரும் விமானம் வராத நேரம், என்பதற்குத் தமிழில் இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: இரைச்சல் நிவாரணம், ஒலி ஓய்வு, மௌன நேரம், இரைச்சல் இடைவேளை. இவற்றைவிட ‘முறைப்பறப்பு’ பொருந்தும் என்பது என் கருத்து. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல்லுக்கு இப்போது என்ன அவசரம் என்று தொண்டி அண்ணன் கேட்டிருந்தார். 2025-26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் அறிவித்திருக்கிறார்கள். எங்கள் ராமநாதபுரம் கரைக்கு விமானச் சத்தம் புதிதில்லை. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் 2009 முதல் இருக்கிறது. ஆனால் பயணிகள் விமானங்கள் நாள் தவறாமல் ஒரே வழியில் இறங்குவதும் ஏறுவதும் வேறு விஷயம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, விமான நிலையம் போன்ற திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும், மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். இடம் எங்கே அமைந்தாலும் சரி, பெருங்குளத்துக்காரரோ இருமேனிக்காரரோ கீழக்கரைக்காரரோ அந்தச் சுருக்கத்தை வைத்துத்தான் கேள்வி கேட்கப் போகிறார்கள். அதில் சொல் மங்கலாக இருந்தால் எதைக் கேட்பது என்றே தெரியாமல் கூட்டம் முடிந்துவிடும். கூட்டத்துக்கு முன்னால் சொல் தயாராக இருக்க வேண்டும் என்று நான் பதறுவது அதனால்தான்.

இனி பொருளைப் பார்ப்போம். லண்டன் ஹீத்ரோவில் இணையான இரண்டு ஓடுதளங்கள் உண்டு. மேற்குக் காற்று நாட்களில் காலை முதல் பிற்பகல் 3 மணி வரை ஒன்றில் விமானங்கள் இறங்கும், 3 மணிக்குப் பிறகு மற்றதில் இறங்கும். அடுத்த வாரம் இந்த வரிசை தலைகீழாகும். இறங்கும் பாதைக்கு நேர்கீழே குடியிருப்பவருக்கு, எந்த நேரத்தில் தன் கூரைக்கு மேல் விமானம் வராது என்று முன்கூட்டியே தெரியும். குழந்தையைத் தூங்க வைப்பதையும் வீட்டில் ஒரு நல்லது கெட்டதுக்கு நாலு பேரைக் கூட்டுவதையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். இதில் இரண்டு அம்சங்கள் முக்கியம். ஒன்று, அது முன்பே அறிவிக்கப்பட்டது. இரண்டு, வானம் அப்போது அமைதியாகிவிடவில்லை. விமானம் வேறு யாரோ ஒருவர் வீட்டின் மேல் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டையும் வைத்து நான்கு சொற்களையும் உரசிப் பாருங்கள். ‘நிவாரணம்’ என்றால் நம் ஊரில் புயல் நிவாரணம், மீன்பிடித் தடைக்கால நிவாரணம். பாதிப்பு வந்த பிறகு அரசு கையில் தரும் பணம் அது. கூட்டத்தில் ‘இரைச்சல் நிவாரணம் உண்டு’ என்று அதிகாரி படித்தால், எவ்வளவு ரூபாய் என்றுதான் கேட்பார்கள், அவர்கள் கேட்பதில் தப்பும் இல்லை. ‘மௌன நேரம்’ இல்லாத ஒன்றை வாக்குக் கொடுக்கிறது. ‘இடைவேளை’ என்பது இரண்டு விமானங்களுக்கு நடுவிலுள்ள பத்து நிமிடத்தையும் குறிக்கும். ‘ஓய்வு’ மோசமில்லை. ஆனாலும் ஓய்வு கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்றுதான் அதில் தெரிகிறது. அடுத்த ஊர் சுமப்பது தெரியவில்லை.

‘முறை’ என்ற சொல்லில் அது தெரிகிறது. கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு முறைப்பாசனத்தை விளக்க வேண்டியதில்லை. இன்று உன் வயலுக்கு, நாளை என் வயலுக்கு. தண்ணீர் போதாத காலத்தில் எல்லாருக்கும் ஒப்புக்கொண்ட ஒரு வரிசை. முறை தவறினால் கேட்க நியாயம் உண்டு, கேட்கும் இடமும் உண்டு. பாசனத்தில் நல்லதைப் பங்கிடுகிறோம், இங்கே தொல்லையைப் பங்கிடுகிறோம் என்ற வேறுபாடு இருக்கிறதுதான். ஆனால் பங்கீட்டின் இலக்கணம் ஒன்றே. ‘இந்த வாரம் எங்க முறையா, உங்க முறையா?’ என்று ஒரு பாட்டி கேட்டுவிட முடிந்தால் கலைச்சொல் வேலை செய்கிறது என்று பொருள். ஆகவே ஏற்பாட்டுக்கு ‘முறைப்பறப்பு’, அதனால் ஓர் ஊருக்குக் கிடைக்கும் நேரத்துக்கு ‘முறை ஓய்வு’. ஓய்வு என்ற சொல்லை முன்மொழிந்த அக்காவும் இந்த இணைப்பை ஏற்பார் என்று நம்புகிறேன்.

‘பறப்பு’ தமிழ்நாட்டு வாசகருக்கு அந்நியமாக இருக்கும் என்று ஒரு கருத்து வந்தது. யாழ்ப்பாணத்து அன்பர் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன்: ஈழத்தமிழில் அது நெடுநாளாகப் புழங்கும் சொல். அக்கரையில் பலாலி விமான நிலையம், இக்கரையில் நாம். இந்தத் துறையில் ஒரே சொல்லை இரு கரையும் வைத்துக்கொண்டால் நல்லது.

முறைப்பறப்பை ‘முறையான விமானச் சேவை’ என்று யாராவது படித்துவிட மாட்டார்களா என்று பொறியாளர் ஐயா கேட்டிருந்தார். நியாயமான அச்சம்தான். அட்டவணைப்படி ஓடும் சேவையை ‘அட்டவணைச் சேவை’ என்றே எழுதிவிடலாம், குழப்பம் வராது. முறைப்பாசனத்தை ஒழுங்கான பாசனம் என்று யாரும் படிப்பதில்லையே.

சரி, இந்த ஏற்பாடு ஏன் தேவைப்படுகிறது என்பதற்கும் இரண்டு சொற்கள் வேண்டும். முன்பெல்லாம் கட்டுப்பாட்டாளர் ஒவ்வொரு விமானத்துக்கும் திசை சொல்லித் திருப்புவார். ஒன்று சற்று வடக்கே போகும், ஒன்று தெற்கே போகும், இரைச்சல் பல ஊர்களுக்குச் சிதறும். செயற்கைக்கோள் வழிகாட்டலில் வகுத்த கோட்டை விட்டு விமானம் அதிகம் விலகுவதில்லை. எரிபொருளும் நேரமும் மிச்சம். ஆனால் கோட்டின் கீழ் உள்ளவர் தலையில் எல்லாம் விழுகிறது. அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரில் 2014 செப்டம்பரில் தடங்களை இப்படி மாற்றினார்கள். புகார்கள் குவிந்தன, நகராட்சி வழக்குப் போட்டது, 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்தது. மக்களிடம் உரியபடி கலந்து பேசாததும் அந்த வழக்கில் ஒரு முக்கியக் குறை. இப்படி ஒரே கோட்டில் குவிவதற்குத் ‘தடக்குவிப்பு’ என்றும் பழைய நிலைக்குத் ‘தடப்பரவல்’ என்றும் வைக்கலாம். எது நல்லது என்பதைச் சொல் தீர்மானிக்கக் கூடாது. சிலரை முழுக்க வதைப்பதா, பலரைக் கொஞ்சம் தொந்தரவு செய்வதா என்பது ஊர்கள் கூடிப் பேச வேண்டியது. குவிப்பும் பரவலும் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கின்றன, அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கின்றன.

ஒரே ஓடுதளம் உள்ள இடத்தில் முறை எப்படி வரும்? இங்கேதான் காற்று. விமானம் பொதுவாக எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். மதுரை ஓடுதளத்தின் எண் 09/27, அதாவது ஏறத்தாழ கிழக்கு மேற்கு. அப்படி ஒன்று நம் கரையிலும் அமைந்தால், மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் விமானம் கிழக்கிலிருந்து வந்து இறங்கி, மேற்கே ஏறும். வடகிழக்குக் காற்றான வாடையின் காலத்தில் மேற்கிலிருந்து வந்து இறங்கி, கிழக்கே ஏறும். இறங்கும் பாதை வழக்கமாக 3 டிகிரி சரிவு. ஓடுதளத்திலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரின் மேல் விமானம் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில்தான் வரும். ஆக, மேற்கே இருக்கும் ஊருக்கு வாடை முழுக்க இறங்கும் இரைச்சல், கச்சான் முழுக்க ஏறும் இரைச்சல். இயற்கை தரும் முறை இது, ஆனால் நாள், நேரம் சொல்லி முன்கூட்டி அறிவிக்க முடியாது. மனிதர் செய்யக்கூடியது, காற்று மெலிந்த வேளைகளில் திசையை முறை வைத்து மாற்றுவதும், ஏறிய விமானத்தைச் சீக்கிரம் கடல் பக்கம் திருப்புவதும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை நிலம் ஒடுங்கிக் கிடப்பதால் அந்த வாய்ப்பு நமக்கு அதிகம். கடல் பக்கம் ஆளில்லை என்று நினைத்துவிடவும் கூடாது. தீவுகளும் பறவைகளும் வள்ளத்தில் இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

காற்றைப் பொறுத்து மாறும் இந்த இரு நிலைகளுக்கும் ‘மேற்குநோக்கு இயக்கம், கிழக்குநோக்கு இயக்கம்’ என்று முன்மொழிந்திருந்தார்கள். பொது அகராதிக்கு அது சரி. நம் மாவட்டத்துச் சுருக்கத்தில் ‘கச்சான் போக்கு, வாடைப் போக்கு’ என்று எழுதினால் கரையில் இருப்பவர் வரைபடம் பார்க்காமலே தன் வீட்டுக்கு எப்போது என்ன வரும் என்று சொல்லிவிடுவார். வாடை சுத்தமான கிழக்குக் காற்று இல்லை, கிழக்குக் காற்றின் பெயர் கொண்டல் என்று யாரும் திருத்தலாம். ஓடுதளத்தின் திசை தெரிந்ததும் அதை முடிவு செய்துகொள்ளலாம்.

அப்புறம் ஓர் அளவு. ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். இவை நேரத்தின் மேல் எடுத்த சராசரி. டெசிபல் மடக்கை அளவு என்பதால், பத்து விமானம் இருபதானாலும் சராசரி 3 டெசிபல்தான் கூடும். அறிக்கையில் அந்த 3 ஒன்றுமில்லாததுபோல் தெரியும். திண்ணையில் இருப்பவருக்குப் பேச்சு அறுபடுவது இரண்டு மடங்கு. இதனால்தான் ஆஸ்திரேலியாவில், சிட்னி விமான நிலையச் சர்ச்சைகளுக்குப் பிறகு, 70 டெசிபலைத் தாண்டிய விமானங்கள் ஒரு நாளில் எத்தனை என்று எண்ணிக் காட்டும் பழக்கம் வந்தது. வெளியே 70 என்றால், ஜன்னல் திறந்த வீட்டுக்குள் ஏறத்தாழ 60, பேசுவதை நிறுத்த வைக்கும் அளவு. நம் ஓட்டு வீடுகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு யார் இருக்க முடியும்? இந்த ‘என்-70’ அளவுக்கு ‘மீறல் எண்’ என்றார் ஒருவர். மீறல் என்றால் சட்டம் உடைந்தது என்று ஆகிவிடும், இங்கே எந்தச் சட்டமும் உடையவில்லை. ‘தாண்டல் எண்’ போதும். ‘உங்கள் ஊருக்கு 70 தாண்டல் எண் 14’ என்பதுபோல் எழுதினால் கணக்கு தெரியாதவருக்கும் புரியும். சுருக்கத்தில் சராசரியோடு இதுவும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கேட்க இந்தச் சொல்லே ஒரு பிடி.

வரைபடத்தில் ஒரே அளவு இரைச்சல் உள்ள இடங்களை இணைக்கும் ‘கான்டூர்’ கோடு பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பள்ளிப் புவியியலில் சம உயரக்கோடு இருக்கும்போது ‘சம இரைச்சல் கோடு’ தானாக வந்துவிடுகிறது. ‘இரைச்சலா, ஓசையா, ஒலியா’ என்ற பழைய விவாதத்தையும் இங்கே மறுபடி திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒரு சொல் மீதம். ஐரோப்பிய முறையில் நாள் சராசரியைக் கணக்கிடும்போது மாலை விமானத்துக்கு 5 டெசிபலும் இரவு விமானத்துக்கு 10 டெசிபலும் கூட்டிக்கொள்வார்கள், தூக்கம் கெடுவதற்கான எடை அது. ‘இரவு அபராதம்’ என்பது ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது, யாரும் அபராதம் கட்டுவதில்லை. ‘இரவுக் கூடுதல்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், நிறைவில்லை. தேவிபட்டினம், தொண்டி, ஏர்வாடிப் பக்கத்து நண்பர்கள் இதற்கு வேறு சொல் சொன்னால் அதையும், காற்றுப் பெயர்கள் உங்கள் ஊரில் மாறுபட்டால் அவற்றையும் இந்த இழையிலேயே எழுதுங்கள். ‘முறைப்பறப்பு’க்கு மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு சொல்லுங்கள், சேர்த்தே தொகுத்துவிடுகிறேன்.