தாய்வழிக் குடியில் கல்யாணம்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வாவிக்கரை:
கல்யாணம் முடிச்ச அக்காவுக்கு வீட்டைக் குடுத்திட்டு, வளவுக்குப் பின்னால ஓலைக் குடிலுக்கு நாங்க மாறினது எங்கட மட்டக்களப்பு ஆக்களுக்குப் புதுசில்ல. எனக்குள்ள கிடந்து அரிக்கிறது வேற. ஒரு மழைநாள் அம்மா சுளகு எடுக்கப் போனா. அம்மம்மா அவக்குச் சீதனமாக் குடுத்த வீடு அது. வாசல்ல நிண்டு, "சுளகை எடுக்கட்டா கிளி?" எண்டு அக்காட்டக் கேட்டா. "அத்தான் படுத்திருக்கார், பிறகு வாங்கம்மா" எண்டு உள்ளுக்க இருந்து சத்தம். அம்மா நனைஞ்சிக்கிட்டுத் திரும்பி வந்தா. அம்மம்மாவும் இப்பிடித்தானே வெளிக்கிட்டுக் குடுத்தவ, அக்காவில நான் பிழை சொல்லல்ல. ஆனா அந்தக் குரல் மறக்குதில்ல.

வடமராட்சி மருமகன்:
தங்கச்சி, நீங்கள் எழுதினதைத் தாய்வழி எண்டு நான் ஒத்துக்கொள்ளன். மகளுக்கு வீடு குடுக்கிறது யாழ்ப்பாணத்திலயும் இருக்கு, எங்கட தேசவழமைச் சட்டத்தில சீதனம் பெண்ணின்ர சொத்துத்தான். உங்கட வித்தியாசம் குடியில, தாயின்ர குலம்தான் பிள்ளைக்கு வரும். நான் மட்டக்களப்பில களுவாஞ்சிக்குடிப் பக்கம் கல்யாணம் முடிச்சனான். கோயில் திருவிழாவில மனிசியின்ர குடிக்கு உரிய நாள். மனிசியின்ர அண்ணன், என்ர மச்சான்தான் அவையின்ர வண்ணக்கர், கோயில் பொறுப்பாளர். கோயில் மரியாதையாக் காளாஞ்சி குடுக்கேக்க என்ர மகனைத் தூக்கிக்கொண்டு போய் முன்னுக்கு நிப்பாட்டி, "இவன் எங்கட குடிப் பிள்ளை" எண்டார். நான் தூணடியில. அந்தப் பதவி தாய்மாமனிட்ட இருந்து அக்கா தங்கச்சியின்ர மகனுக்குப் போறது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நெஞ்சு அடைச்சது. பெத்தவன் நான் எண்டு ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்ல.

அக்கரைப்பற்றாள்:
குடி சோனகர், முஸ்லிம் ஆக்கள் எங்களுக்கும் இரிக்கி. உம்மாட குடிதான் புள்ளைக்கு, பள்ளிவாசலை நடத்துற மரைக்காயர்மாரும் குடிவழிதான். ஆனா தம்பி, காளாஞ்சியை விட ஊடு பெரிசு. 2004 சுனாமியில எங்கட ஊடு போயிட்டு. வீட்டுத்திட்டப் படிவம் நிரப்ப வந்தவர் "குடும்பத் தலைவர் யார்?" எண்டார். "நான்தான், வளவு எண்ட" எண்டா உம்மா. அவர் சிரிச்சிட்டு வாப்பாட பேரை எழுதினார். வாப்பா அவர்ர கையைப் புடிச்சி, "இது அவட உம்மா குடுத்த மண், எண்ட பேரை வெட்டுங்க" எண்டு சத்தம் போட்டார். அப்பிடியும் கடதாசி வாப்பாட பேரிலதான் வந்திச்சி. உம்மா அதைக் கையால தொடவே இல்ல.

பழைய எழுத்தர்:
காணி உறுதி எழுதுற நொத்தாரிசு ஒருத்தரிட்ட வேலை செய்தனான். மகளுக்கு எழுதின வீட்டை மருமகன் விக்கப் போறான் எண்டு ஒரு தாய் அழுதுகொண்டு வந்தா. உறுதிப் பத்திரத்தைப் பாத்தா அவக்கு ஒரு பிடிமானமும் இல்ல. வாவிக்கரை, உங்கட காலம் வரும், கேளுங்க. நன்கொடை உறுதி எழுதக்க தாய்தேப்பனுக்குச் சீவிய உரித்தை வெச்சு எழுதுங்க. உயிரோட இருக்குமட்டும் அந்த வீட்டில இருக்கிற உரிமை உங்களுக்கு. மகள் வித்தாலும் வாங்குறவன் அதோடதான் வாங்கணும். பெறுறவ ஏற்றுக்கொண்டதாக் கையொப்பம் வைக்கணும், அதை விட்டிராதீங்க. வளவைப் பிரிக்கிறதெண்டா முதல்ல அளந்து வரைபடம் எடுங்க. கிணத்துக்கும் படலைக்கும் வழி எது எண்டு உறுதியிலயே எழுதிப் போடுங்க, அக்கா தங்கச்சி கதைக்காமப் போறது அந்தக் கிணத்தடியிலதான். கல்யாணத்துக்கு முதல் நாள் அவசரத்தில கையொப்பம் வைக்காதீங்க. மாப்பிள்ளை வீட்டார் நெருக்கினாலும் ஒரு கிழமை கேளுங்க.

நாஞ்சில்காரன்:
தாய்வழின்னாலே பெண்ணுக்குப் பலம்னு நினைச்சிராதீங்க. கன்னியாகுமரிப் பக்கம் எங்க நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீடுகள்ல மருமக்கள்வழி இருந்துது, 1926ல திருவிதாங்கூர்ச் சட்டம் வந்துதான் மாறிச்சு. பெண் புருசன் வீட்டுல வாழுவா, அவன் செத்தா சொத்து அவன் சகோதரி மகனுக்கு. ஆச்சி சின்னப் பிள்ளையா இருக்கும்போ அவ அப்பா போயிட்டாரு. பதினாறு கழிஞ்சதும் அவரோட சகோதரி மகன் வந்து, "அத்தை, பத்தாயத்துச் சாவியைத் தாங்கோ"ன்னு கையை நீட்டினானாம். உகந்துடைமைன்னு அப்பா சொத்துல ஒரு சின்னப் பங்கு பிள்ளைகளுக்குக் கிடைச்சுது. ஆச்சியோட அம்மா பிள்ளைகளைக் கூட்டிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனா. உங்க பக்கம் பெண்ணுக்குக் கூரையாவது இருக்கு. அக்கரைப்பற்று அக்கா, அந்தக் கடதாசி பிறகு உம்மா பேருக்கு மாறிச்சா? எழுதுங்க.