“அப்பா இல்லை” என்று அச்சில் வந்த செய்தி: மறுபடி போடலாமா?

கவுண்டன்யாக்கரை:
குடியாத்தத்தில் நான் படித்த பள்ளிக்கு நூறாவது ஆண்டு. விழா மலரில் பழைய மாணவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திகளை அப்படியே படம் பிடித்துப் போடப் போகிறார்கள். 2009-ல் என்னைப் பற்றி வந்ததும் அதில் உண்டு. சம்மதம் கேட்டிருக்கிறார்கள். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அந்த வருஷம் பிளஸ் டூவில் 1,200-க்கு 1,121 எடுத்தேன். மறுநாள் மாவட்டப் பக்கத்தில் என் படம். “பீடி சுற்றும் தாயின் மகள் சாதனை” என்று தலைப்பு. என் படத்தை அச்சில் பார்த்த சந்தோஷம் தலைப்பிலிருந்து முதல் வரிக்குக் கண் இறங்கும்வரைதான் இருந்தது. “தந்தையை இழந்த மாணவி” என்று ஆரம்பித்திருந்தார்கள். என் அப்பா அன்று காலை பெங்களூரு யஷ்வந்த்பூர் வெங்காய மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்.

நிருபர் வீட்டுக்கு வந்தபோது அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு இலை வெட்டிக்கொண்டிருந்தார். “அப்பா?” என்று கேட்டார். “இல்லைங்க” என்றார் அம்மா. “பெங்களூருல இருக்காரு” என்று சேர்த்துச் சொன்னபோது நிருபர் என் பக்கம் திரும்பி மார்க் கேட்க ஆரம்பித்துவிட்டார். கலெக்டராகி ஏழைகளுக்குச் சேவை செய்வேன் என்று நான் சொன்னதாகவும் போட்டிருந்தது. நான் பி.காம் படிக்கப் போவதாகத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை ராத்திரி அப்பா ரயில் இறங்கி வந்தார். டீக்கடையிலேயே பேப்பரைக் காட்டிவிட்டார்கள். வீட்டில் ஒன்றும் பேசவில்லை, சாப்பிட்டுப் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் அம்மாவை நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இரண்டு பேரும் நடந்துபோய்த் திரும்பினார்கள். நாங்கள் வெளியிட்ட மறுப்பு அதுதான்.

அந்தக் காகிதத்தை இப்போது மறுபடி அச்சிட விடலாமா?

தறிமேடை:
தாராளமாகப் போடட்டும் தங்கச்சி. எங்கள் அப்பாவும் குடியாத்தம்தான், லுங்கி நெசவு. கூட்டுறவு சங்கக் கூட்டம் ஒன்றைப் பற்றி ஒருமுறை பேப்பரில் வந்தது. தலைவர், செயலாளர் பெயரெல்லாம் போட்டுக் கடைசியில் “மற்றும் பலர் கலந்துகொண்டனர்” என்று முடித்திருந்தார்கள். அப்பா அந்தத் துண்டைக் கத்தரித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவார். “அந்தப் பலருல நான் ஒருத்தன்” என்பார். சாகும்வரை அவர் பெயர் எந்த எழுத்திலும் வரவில்லை, ரேஷன் கார்டையும் வாக்காளர் பட்டியலையும் தவிர. உங்களுக்குப் பெயரும் படமும் வந்திருக்கிறது. ஒரு வரி தப்பு என்பதற்காக முழுவதையும் வேண்டாம் என்பது எனக்கு வலிக்கிறது.

பழைய நிருபர்:
நான் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பதினோரு வருஷம் பகுதிநேர நிருபராக இருந்தேன். இந்தச் செய்தி நான் எழுதியதில்லை. ஆனால் நானும் இப்படித்தான் எழுதியிருப்பேன், அதை மறைக்க மாட்டேன்.

ரிசல்ட் நாள் எப்படி ஓடும் தெரியுமா? காலையிலேயே தலைமையாசிரியர்கள் போன் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். ஏழெட்டு வீட்டுக்கு டூவீலரில் போய், படம் எடுத்து, சாயங்காலத்துக்குள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அனுப்பியாக வேண்டும். வந்த செய்திக்கு அளந்துதான் காசு. அனுப்பினது முப்பது வரி என்றால் வருவது பன்னிரண்டு. முதல் வரியையும் தலைப்பையும் பத்திரிகை அலுவலக டெஸ்க்கில் எழுதுவார்கள். அவர்கள் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை.

இன்னொன்றையும் சொல்கிறேன். தந்தை பெங்களூரில் கூலி வேலை என்றிருந்தால் அது கட்டம் கட்டிய பெட்டிச் செய்தியாக வந்திருக்காது. பள்ளிவாரியான மார்க் பட்டியலில் ஒரு வரியாகப் போயிருக்கும். பெட்டியில் வந்ததால் உதவி ஏதும் வரவில்லையா? நான் எழுதியதைப் படித்து மூன்று பிள்ளைகளுக்கு யார் யாரோ ஃபீஸ் கட்டினார்கள். அந்தச் செய்திகளிலும் கொஞ்சம் கூடக்குறைய இருந்தது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

வாலாஜா வாத்தியார்:
உயிரோடு இருப்பவரை இறந்தவராக்குவது கூடக்குறைய ஆகுமா தம்பி?

1994-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை ஒரு தமிழ் வார இதழ் வெளியிட முனைந்தபோது வந்த வழக்கு. ஒருவருடைய திருமணம், குடும்பம், கல்வி போன்றவற்றைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் யாரும் வெளியிடக் கூடாது என்றார்கள். எழுதியது உண்மையானாலும் பொய்யானாலும், புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும் இதுதான் விதி. “புகழ்ந்தாலும்” என்பதைக் கவனியுங்கள். பாராட்டித்தானே எழுதினோம் என்று யாரும் தப்பிக்க முடியாது.

அம்மா, நீங்கள் சம்மதம் கொடுக்காதீர்கள். நாளிதழை மறுநாள் பஜ்ஜி மடிக்க எடுத்துவிடுவார்கள். நூற்றாண்டு மலரைப் பீரோவில் வைப்பார்கள். உங்கள் பேரப்பிள்ளை எடுத்துப் படிக்கும்.

பழைய நிருபர்:
ஐயா, அதே தீர்ப்பில்தான் அதிகாரிகள் முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது என்றும், பொதுப் பதிவேடுகளில் இருப்பதைச் சம்மதம் இல்லாமலே வெளியிடலாம் என்றும் சொன்னார்கள். பத்திரிகைக்கு அது பெரிய பலம். பாதியை மட்டும் எடுத்துச் சொல்லாதீர்கள்.

வாலாஜா வாத்தியார்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவருடைய தந்தை இறந்ததாக எந்தப் பதிவேட்டிலும் இல்லையே. உங்கள் பேப்பரில் மட்டும்தான் இருக்கிறது.

பாகாயம்:
நான் பிசியோதெரபிஸ்ட். அச்சில் வருவது என்றால் எனக்கு என் மாமா ஞாபகம்தான் வரும்.

கல்லூரி நூலகத்தில் பழைய மருத்துவப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது அவர் படத்தைப் பார்த்தேன். மடங்கிப்போன விரல்கள், அறுவைக்கு முன், அறுவைக்குப் பின். கண்மேல் கறுப்புப் பட்டை. கீழே வயதும் “ஆண், விவசாயி” என்பதும் மட்டும். கண்ணை மறைத்தவர்கள் லுங்கியை மறைக்கவில்லை. அந்தக் கட்டம் போட்ட லுங்கியையும் முழங்கைத் தீத்தழும்பையும் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் வீட்டில் அவருக்குத் தொழுநோய் இருந்ததைப் பற்றி யாரும் பேசியதில்லை. இப்போது விதிகள் மாறிவிட்டன. கண்ணை மட்டும் மறைத்தால் போதாது, எழுத்தில் சம்மதம் வேண்டும் என்கிறார்கள்.

நான் ஒரு நகல் எடுத்துக்கொண்டு போய் மாமாவிடம் காட்டினேன். அழுவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இதப் பாத்து எத்தன டாக்டருங்க படிச்சிருப்பாங்க?” என்று கேட்டார். அதனால் எனக்கு ஒரே பக்கமாகப் பேச வரவில்லை.

இன்னொருவரையும் நினைத்துக்கொள்கிறேன். டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அப்புறமும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இங்கே வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அவர் வாழ்க்கையைப் பற்றி 1963-ல் ஆங்கிலத்தில் புத்தகமே வந்தது. அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம், 1986 வரை வாழ்ந்தார். அவர் முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் வந்ததும் புத்தகத்துக்கு அப்புறம்தான். அச்சில் வந்தது அவரை அந்தப் பக்கத்திலேயே நிறுத்திவிடவில்லை. உங்களையும் நிறுத்தவில்லை அக்கா. பயப்படாமல் போடச் சொல்லுங்கள்.

கவுண்டன்யாக்கரை:
பாகாயம், அந்தப் புத்தகத்தில் அவர் டாக்டர். கையில் கத்தி இருக்கிறது. என் செய்தியில் நான் பரிதாபப்பட வேண்டிய ஒரு பெண், அவ்வளவுதான். 1,121 எடுக்க நான் என்ன செய்தேன் என்று ஒரு வரிகூட இல்லை. இலையை ஊறவைத்துவிட்டு விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கணக்குப் பதிவியல் போட்டது, அம்மாவுடைய பீடித் தொழிலாளர் அட்டையைக் காட்டி உதவித்தொகை வாங்க நடையாய் நடந்தது, ஒன்றும் இல்லை. தப்பான அந்த ஒரு வரியோடு இந்த விடுபட்டவையும் சேர்ந்துதான் உறுத்துகிறது.

தறிமேடை அண்ணா, உங்கள் அப்பா சொன்னதைப் படித்துவிட்டு வேலையைத் தொடர முடியவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், “மற்றும் பலர்” என்பதில் பொய் இல்லை. அவர் அங்கே இருந்தார்.

நிருபர் அண்ணா கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஆமாம், உதவி வந்தது. ராணிப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் முதல் வருஷ ஃபீஸுக்கு டிடி (வங்கி வரைவோலை) அனுப்பினார், “தந்தையில்லாத குழந்தைக்கு” என்று எழுதி. வீட்டில் இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. அப்புறம் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: ஐயா, நான் உயிரோடு இருக்கிறேன், மண்டியில் வேலை செய்கிறேன், செய்தி தவறு, இந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பவா? டிடியையும் கூடவே வைத்தோம். அவர் அதே டிடியைத் திருப்பி அனுப்பினார். இரண்டாம் வருஷமும் அனுப்பினார், மூன்றாம் வருஷமும்.

உண்மையை எழுதியிருந்தாலும் கொடுத்திருப்பார் அண்ணா.

பழைய நிருபர்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பெட்டியில் வராமல் இருந்தால் அவர் கண்ணில் பட்டிருக்குமா என்பது இன்னமும் என் கேள்விதான். அதை விட மாட்டேன்.

தறிமேடை:
போடுங்கள், கீழே திருத்தம் எழுதுங்கள். அதுதான் எனக்குப் படுகிறது.

வாலாஜா வாத்தியார்:
திருத்தத்தை யாரும் படிப்பதில்லை. படத்தையும் தலைப்பையும்தான் பார்ப்பார்கள். உங்கள் அப்பாவைக் கேட்டீர்களா? இறந்ததாக எழுதப்பட்டவர் அவர்தானே.

கவுண்டன்யாக்கரை:
நேற்று ராத்திரி கேட்டேன். இப்போது அவருக்குப் பார்வை சரியில்லை, படிக்கச் சொன்னார். “தந்தையை” என்றதும் நிறுத்தினேன். “படி” என்றார். முடித்ததும், “மார்க்கு சரியாத்தான் போட்டிருக்கான்” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, “போடச் சொல்லு. பக்கத்துல நாலு வரி நீ எழுது. கூலின்னு எழுதாத. யஷ்வந்த்பூர் மண்டில மூட்ட எறக்குனாருன்னு எழுது. இருபத்திரண்டு வருசம்னு போடு” என்றார். அம்மா உள்ளேயிருந்து, “நான் ‘பெங்களூருல’ன்னு சொன்னதையும் எழுது” என்றார்.

வாத்தியார் ஐயா, உங்களுக்கு இதில் திருப்தி இருக்காது என்று தெரியும். விழாக் குழுவுக்கு எழுதிவிட்டேன். நாலு வரி என்றது ஒன்பது வரியாகிவிட்டது. இடம் போதவில்லை என்றால் என் படத்தை எடுத்துவிட்டு அதைப் போடச் சொல்லியிருக்கிறேன்.