16 ஆம்பியர் என்றுதானே எழுதியிருக்கிறது, பிறகு ஏன் உருகியது?

எர்த்கம்பி:
எலக்ட்ரிக் காரை வீட்டில் சார்ஜ் போட்ட பிளக்கைப் பிடுங்கினால் சாக்கெட்டின் முகமும் சேர்ந்தே வந்துவிட்டது. நியூட்ரல் பின் மட்டும் நீலம் பாரித்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் வழிந்து உறைந்திருந்தது. பக்கத்திலேயே பேஸ் பின், கடையில் வாங்கியது போல அப்படியே. காரோடு வந்த கேபிள், 16 ஆம்பியர் சாக்கெட், ராத்திரிக்குப் பத்து மணி நேரம், மூன்று மாதம். எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) ஒரு தடவைகூட விழவில்லை. சாக்கெட்டைக் கழற்றினால் நியூட்ரல் திருகு அரைச் சுற்று லூஸ்.

அரைச் சுற்றுதானே என்று விட முடியாது. அந்த இடத்தில் 0.1 ஓம் இருந்தாலே 16 ஆம்பியருக்கு 25 வாட் சூடு. சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சாக்கெட்டுக்குள் வைத்து விடிய விடிய ஓட்டியதற்குச் சமம். எம்சிபிக்கு எங்கே தெரியப்போகிறது? கரண்ட் 16-ஐத் தாண்டவே இல்லை.

ரீல்வயர்:
இதே கதை, வேறு இடம். 50 மீட்டர் ரீல் எக்ஸ்டென்ஷன். ஐந்து மீட்டர் மட்டும் இழுத்து, மீதி சுற்றியபடியே. 10 ஆம்பியர்தான் ஓடியது. வெளிச்சுற்றைத் தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். அவிழ்க்கப் போனால் உள்சுற்றெல்லாம் ஒட்டி ஒரே கட்டி. சூடு வெளியே வர வழி இல்லை. ரீலில் இரண்டு ரேட்டிங் அச்சடித்திருப்பார்கள், முழுக்க அவிழ்த்தால் ஒன்று, சுற்றியிருந்தால் ஒன்று. இரண்டாவதை யாரும் படிப்பதில்லை.

பஸ்பார்:
எர்த்கம்பி அண்ணே, எம்சிபிக்குத் தெரியாது என்பது சரி. ஆனால் கரண்ட் தாண்டியிருந்தால் விழுந்திருக்கும் என்ற அர்த்தமும் அதில் வருகிறதே, அது முழுச் சரியில்லை. 16 ஆம்பியர் எம்சிபி 18 ஆம்பியரில் ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும் என்பதுதான் விதி. ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டியது 23 ஆம்பியரில். 1.13 மடங்கு, 1.45 மடங்கு என்று கணக்கு. நடுவில் இருப்பதெல்லாம் அதன் இஷ்டம்.

கண்ணில் பட்டது இதற்கு நேர் எதிர். சார்ஜரின் 40 ஆம்பியர் எம்சிபி, இரண்டு ஏர்கண்டிஷனர் எம்சிபிகளுக்கு நடுவே நெருக்கியடித்து மாட்டியது. தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு டக். சார்ஜரை மாற்றினார்கள், எம்சிபியை மாற்றினார்கள், டக் நிற்கவில்லை. மூன்றும் ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டிருந்தன. டிபியின் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) ஓரத்துக்கு நகர்த்தி, பக்கத்தில் அரை மாட்யூல் இடைவெளி விட்டதும் நின்றது.

இனி யாரும் கேட்காததைச் சொல்கிறேன். சார்ஜர் வாங்குவதற்கு முன்பு மெயினைப் பாருங்கள். மெயின் 40 ஆம்பியர் ஒரு பேஸ் என்றால் 230 வோல்ட்டில் மொத்தமே 9.2 கிலோவாட். சார்ஜர் 32 எடுத்தால் வீட்டுக்கு மிச்சம் 8 ஆம்பியர். 2 கிலோவாட் கீசர் ஒன்றே 8.7. அதற்காக மெயின் ஃபியூஸைப் பெரிதாக்கிவிட்டால் சரியாகிவிடாது. மீட்டருக்கு வரும் சர்வீஸ் வயர், மீட்டர், மெயின் சுவிட்ச், டிபிக்குப் போகும் வயர் என வரிசையில் எது சின்னதோ அதுதான் உண்மையான ரேட்டிங். மீட்டர் வரைக்கும் உள்ளது மின்சாரம் தருபவர் கையில், சீலைத் தொடாதீர்கள், லோடு கூட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது வயர். 32 ஆம்பியருக்கு 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு போதும் என்பார்கள். தூரம் குறைவென்றால் போதும். 25 மீட்டர் போனால் சூடான வயரில் 6 வோல்ட்டை ஒட்டி விழும், வழியிலேயே 190 வாட் வீண். 10 ஸ்கொயர் போட்டால் 3.5 வோல்ட். பைப்பை ஒரே தடவைதான் பதிக்கிறோம், கஞ்சத்தனம் வேண்டாம். சார்ஜருக்குத் தனி வயர், டிபியிலிருந்து நேராக. நடுவில் ஜாயின்ட் கூடாது, அந்த வயரில் வேறு எதையும் தொங்கவிடக் கூடாது. நுண்ணிழை வயர் என்றால் நுனியில் ஃபெரூல் (சின்ன உலோகக் குழாய்) போட்டு கிரிம்ப் பண்ணுங்கள், அதாவது நசுக்கிப் பிடிக்க வையுங்கள். ஈயம் பற்றவைத்தால் திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, ஆறே மாதத்தில் அதே அரைச் சுற்று லூஸ். எத்தனை நியூட்டன் மீட்டர் இறுக்க வேண்டும் என்று எம்சிபியின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். "கை சொல்லும்" என்பவர்களுக்கு டார்க் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துப் பாருங்கள், பாதிப் பேர் குறைவாகத்தான் இறுக்கியிருப்பார்கள்.

ரெண்டுசக்கரம்:
ஸ்கூட்டருக்கு இவ்வளவும் வேண்டுமா என்று யாராவது பயந்துவிடப் போகிறார்கள். வேண்டாம். 3 கிலோவாட் மணி பேட்டரி, 750 வாட் சார்ஜர், மூன்றரை ஆம்பியர்கூட வராது. எர்த் உள்ள நல்ல சாக்கெட் ஒன்று போதும். ஸ்கூட்டரில் தவறு நடப்பது வயரில் இல்லை, வைக்கிற இடத்தில். மாடிப்படிக்குக் கீழே மூன்று வண்டி வரிசையாகச் சார்ஜில் நிற்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. வீட்டை விட்டு இறங்க அது ஒன்றுதான் வழி. லித்தியம் செல் பற்றிக்கொண்டால் முதலில் வருவது புகை, படிக்கட்டுதான் அதற்குப் புகைபோக்கி. வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு மாட்டவும் கூடாது, அரை மணி ஆறட்டும். உப்பிய பேட்டரியை "இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம்" என்று வைத்திருக்கவே கூடாது.

முப்பதுமில்லி:
பஸ்பார் இவ்வளவு எழுதிவிட்டு ஆர்சிசிபியை (கரண்ட் கசிந்தால் வெட்டும் சுவிட்ச்) விட்டுவிட்டார். டிபியில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது. கார் சார்ஜில் இருக்கும்போது, அதே ஆர்சிசிபியில் ஓடும் இன்னொரு சாக்கெட்டில் டெஸ்டரை மாட்டி 30 மில்லி ஆம்பியர் கசிவு கொடுத்தால் விழவில்லை. காரைக் கழற்றிவிட்டு மறுபடி கொடுத்தால் 22 மில்லியிலேயே விழுகிறது. பழுது இல்லை, குருடாகியிருந்தது. ஏசி வகை ஆர்சிசிபி அது, மாறுதிசை கரண்ட் கசிவை மட்டும் உணர்வது. காரிலிருந்து வழுவழுப்பான டிசி (நேர்திசை கரண்ட்) கசிந்தால் உள்ளே இருக்கும் காந்த வளையம் நிரம்பிவிடும், அதன்பின் ஏசி கசிவை அது உணராது. அதனால் கார் சார்ஜருக்கு அந்த டிசியையும் உணரும் பி வகை, அல்லது சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி டிசியில் வெட்டும் வசதி இருந்தால் ஏ வகை. ஏசி வகை கூடவே கூடாது. அந்த வீட்டில் குளியலறையும் அதே ஆர்சிசிபியில்தான்.

மூணுபேஸ்:
லோடு கூட்டி மூன்று பேஸ் வாங்கிய வீடு. சார்ஜர் ஓட ஆரம்பித்த பத்தாவது நிமிடம் ஹால் விளக்கு மங்குகிறது, சமையலறை விளக்கு கண்ணைக் கூசுகிறது. மீட்டர் வைத்தால் ஒரு பேஸில் 170, இன்னொன்றில் 290. மெயினை உடனே இறக்கியதால் டிவியோடு போயிற்று. நியூட்ரல் அலுமினியம் வயரைச் செம்பு பஸ்பாரில் (செம்புப் பட்டை) சாதாரண லக் (வயர் நுனியில் மாட்டும் உலோகத் துண்டு) போட்டு முறுக்கியிருந்தார்கள். ஈரத்தில் அரித்து வெள்ளைத்தூள். நியூட்ரல் விட்டுப்போனால் மூன்று பேஸிலும் வோல்ட் சமமாக நிற்காது. அலுமினியமும் செம்பும் சேரும் இடத்தில் பைமெட்டல் (இரண்டு உலோகமும் சேர்ந்த) லக், உள்ளே பேஸ்ட், கிரிம்ப். மூன்று பேஸில் நியூட்ரல் திருகை முதலில் இறுக்கி, கடைசியில் இன்னொரு தடவை பாருங்கள்.

ரீல்வயர்:
பஸ்பார் சொல்வதைப் படித்தால் எல்லாரும் வீட்டை இடித்துக் கட்ட வேண்டும் போல. 10 ஆம்பியரில் எட்டு மணி நேரம் போட்டாலே 18 யூனிட். சார்ஜிங் இழப்பு போக 16. சாதாரண காருக்கு 100 கிலோமீட்டர். தினமும் 40 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 32 ஆம்பியர் எதற்கு?

பஸ்பார்:
நீங்கள் சொல்லும் 10 ஆம்பியர்தானே அந்த ரீலை உருக்கியது? குறைந்த கரண்ட் என்றாலும் தனி வயரும் நல்ல சாக்கெட்டும் வேண்டும் என்றுதான் சொல்கிறேன். 32 தேவையில்லை என்பதில் சண்டை இல்லை.

கிளாம்புமீட்டர்:
லோடு கூட்டாமலே சமாளிக்க லோடு பார்க்கும் சார்ஜர் போடலாம், வீட்டில் கீசர் ஓடினால் தானாகவே குறைத்துக்கொள்ளும். ஒரு வீட்டில் அப்படியும் மெயின் ஃபியூஸ் போனது. சார்ஜரின் மொபைல் ஆப்பைத் திறந்தால் வீட்டின் கரண்ட் 0.2 ஆம்பியர். ஏசி இரண்டு ஓடிக்கொண்டிருக்கிறது! சென்சார் கிளாம்பைப் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாட்டியிருந்தார்கள். போவதும் வருவதும் கழிந்து பூஜ்யம்தானே வரும். பேஸை மட்டும், மெயினுக்கு அடுத்து, எதுவும் பிரிவதற்கு முன்னால், அம்புக்குறி சார்ஜர் புத்தகத்தில் சொன்ன பக்கம் பார்த்து மாட்டணும். மாட்டியதும் கீசரைப் போடுங்கள். ஆப்பில் எட்டு, ஒன்பது ஆம்பியர் உடனே ஏறாவிட்டால் வேலை முடியவில்லை. 6 ஆம்பியருக்குக் கீழே காருக்குக் கொடுக்க முடியாது. அதற்கும் இடமில்லை என்றால் சார்ஜர் நின்றுவிடும், அது பழுது இல்லை.

எர்த்கம்பி:
அந்த சாக்கெட்டுக்குப் பதில் சொல்ல ஒருத்தரும் இல்லையா? புதுசு வாங்கி மாட்டிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

முப்பதுமில்லி:
அதே வயர் நுனியில் மாட்டினால் புதுசும் உருகும். சூடேறிய செம்பு கறுத்திருக்கும், மேலே இருக்கும் உறை விறைத்திருக்கும். பளபளவென்று செம்பும் வளைந்து கொடுக்கும் உறையும் தெரிகிற வரைக்கும் வெட்டுங்கள். நீளம் பத்தாமல் போனால் ஜாயின்ட் வேண்டாம், டிபியிலிருந்து புது வயர் இழுங்கள். கார் பிளக்கின் பின்னையும் பாருங்கள், நீலம் பாரித்த பின் புது சாக்கெட்டையும் கெடுக்கும். அந்த கேபிளைக் கொடுத்துப் பின்னை மாற்றிக்கொண்ட பிறகுதான் மாட்டணும்.