வடமேற்கு எல்லைப்புற மாகாணம்: பழைய வரைபடத்தில் ஏன் இரண்டு எல்லைக் கோடுகள்?

கேள்வி – நிலவரை

பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தைக் காட்டும் பழைய வரைபடம் ஒன்றில் மேற்கே இரண்டு கோடுகள் ஓடுகின்றன. வெளியே இருப்பது ஆப்கானிஸ்தானோடு எல்லை பிரிக்கும் டூரண்ட் கோடு என்று புரிகிறது. உள்ளே இருப்பது என்ன? 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் இந்த மாகாணத்துக்குத் தனித் தொகுதியும் (புத்தகமும்) கிடைக்கவில்லை. 1890களின் ஆவணங்களில் வரும் ‘வடமேற்கு மாகாணங்கள்’ இதேதானா?

பதில் – மலைமுகடு

கடைசிக் கேள்விக்கு முதலில்: இல்லை, அது வேறு. ‘வடமேற்கு மாகாணங்கள்’ ஆக்ரா, அலகாபாத் பக்கத்து நிலம். புது மாகாணத்தோடு பெயர் குழம்பும் என்றுதான் 1902-இல் அதை ‘ஆக்ரா, அவத் ஐக்கிய மாகாணங்கள்’ என்று மாற்றினார்கள். தேடும்போது ‘எல்லைப்புற’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் கங்கைச் சமவெளிக் கோப்புதான் கையில் கிடைக்கும்.

உள்கோடு நிர்வாக எல்லை. நிலவரி, காவல் நிலையம், வழக்கமான நீதிமன்றம் எல்லாம் அதோடு நின்றுவிடும். 1849-இல் பஞ்சாப் கைமாறியபோது ஆங்கிலேயருக்குக் கிடைத்தது சமவெளியும் மலையடிவாரமும்தான். 1893-இல் ஆப்கானிஸ்தான் அமீர் அப்துர் ரஹ்மானோடு செய்த ஒப்பந்தத்தில் வந்த டூரண்ட் கோடோ மலைகளுக்குள் வெகுதூரம் தள்ளி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பழங்குடிப் பகுதி.

1901 நவம்பரில் வைஸ்ராய் கர்சன் மாகாணத்தைப் பஞ்சாபிலிருந்து பிரித்தபோது உள்கோட்டுக்கு இந்தப்பக்கம் ஐந்து மாவட்டங்கள்: ஹசாரா, பெஷாவர், கோஹாட், பன்னு, தேரா இஸ்மாயில் கான். அந்தப்பக்கம் ஐந்து ஏஜென்சிகள்: மலாக்கண்ட், கைபர், குர்ரம், டோச்சி, வானா. ஏஜென்சியில் கலெக்டர் கிடையாது, பழங்குடிகளோடு பேசி விவகாரம் பார்க்கும் அரசுப் பிரதிநிதியான பொலிட்டிகல் ஏஜெண்ட்தான். கணவாய்ப் பாதையைத் திறந்து வைத்திருக்கப் பழங்குடிகளுக்கு ஆண்டுத்தொகை. தவறு நடந்தால் 1901 எல்லைப்புறக் குற்றங்கள் ஒழுங்குவிதிப்படி ஒருவன் செய்ததற்குக் குடி முழுவதும் பொறுப்பு. ஒன்று கவனியுங்கள்: அந்த விதி மாவட்டங்களுக்குள்ளும் செல்லுபடியானது. ‘கோட்டுக்கு வெளியேதான் ஜிர்கா (வழக்கு விசாரிக்கும் பெரியோர் அவை)’ என்று எழுதுவது பிழை.

கணக்கெடுப்பு 1901 மார்ச்சில் நடந்தது, மாகாணம் பிறப்பதற்கு முன்பே. ஆகவே பஞ்சாப் தொகுதியில் தேடுங்கள். அதில் இந்தப் பகுதிக்கு வரும் சுமார் 21 லட்சம் பேரை மொத்தப் பரப்பான 38,000 சொச்சம் சதுர மைலால் வகுத்தால் அடர்த்தி அபத்தமாக வரும். நேரடி நிர்வாகத்தில் இருந்தது சுமார் 13,000 சதுர மைல்தான். குர்ரம் போன்ற சில இடங்களைத் தவிர மலைப்பகுதியில் தலை எண்ணவே இல்லை.

பதில் – சிந்துக்கரை

மேலே சொன்னது சரி. ஆனால் உள்கோட்டை நேர்கோடாக நினைத்துவிடாதீர்கள், கை நுழைத்த மாதிரி மலை உள்ளே வரும். பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் நடுவே பாருங்கள். இரண்டும் மாவட்டத் தலைநகரங்கள், ஆனால் நேர்ச்சாலை ஆதம் கேல் அஃப்ரீதிப் பழங்குடியினரின் கோஹாட் கணவாய் வழியாகப் போகிறது. அவர்கள் பாதையை அடைத்தால் சிந்து நதிப் பக்கமாகக் குஷால்கர் வழியே சுற்றித்தான் வர வேண்டும். எல்லைப்புறத் தகராறுகளில் கோஹாட் கணவாய் ஓயாமல் வருவதற்குக் காரணம் இதுதான்.

‘சிந்துவுக்கு மேற்கே இருப்பதெல்லாம் இந்த மாகாணம்’ என்ற சூத்திரமும் உதவாது. ஹசாரா கிழக்குக்கரையில் இருந்தும் சேர்க்கப்பட்டது. தேரா காஜி கான் மேற்குக்கரையில் இருந்தும் பஞ்சாபில் விடப்பட்டது. ஈசாகேல் தாலுகா பன்னுவிலிருந்து பிரிந்து மியான்வாலி மாவட்டத்தோடு பஞ்சாபுக்குப் போனது. 1901-க்கு முந்தைய பன்னு, தேரா இஸ்மாயில் கான் புள்ளிவிவரங்களைப் பிந்தையவற்றோடு ஒப்பிடும்போது பிரிந்துபோன பகுதிகளைக் கழித்துப் பார்க்காவிட்டால் மக்கள்தொகை திடீரெனச் சரிந்தது போலத் தெரியும்.

தண்ணீரும் கோட்டை மதிக்கவில்லை. 1914-இல் திறந்த மேல் ஸ்வாட் கால்வாயின் தலைமதகு மலாக்கண்ட் ஏஜென்சியில், பாசனம் சமவெளியில். நடுவில் மலையைக் குடைந்த பெண்ட்டன் சுரங்கம்.

பதில் – தடம்

வரைபடத்தில் ஆண்டு இல்லையென்றால்: கைபருக்குள் லண்டி கோட்டல் வரை ரயில் இருந்தால் 1925 நவம்பருக்குப் பிந்தையது. வஜிரிஸ்தானின் ரஸ்மக்கில் ராணுவப் பாளையம் குறித்திருந்தால் 1920களுக்கு முன் இருக்க வாய்ப்பில்லை. மர்தான் தனி மாவட்டம் என்றால் 1937 அல்லது அதற்குப் பிறகு. 1955 முதல் 1970 வரை மாகாணமே மேற்குப் பாகிஸ்தானுக்குள் கரைந்திருந்தது. மாகாணத்துக்குக் கைபர் பக்தூன்க்வா என்ற பெயர் வந்தது 2010-இல்தான்.

நிலவரை

நன்றி. 1947 பொது வாக்கெடுப்பில் பழங்குடிப் பகுதியும் வாக்களித்ததா?

மலைமுகடு

இல்லை. மாவட்டங்களில் மட்டும்தான், ஜூலையில். பாகிஸ்தானுக்கு 2,89,244, இந்தியாவுக்கு 2,874. அப்துல் கஃபார் கானின் இயக்கத்தாரான குதாயி கித்மத்கார்கள் புறக்கணித்ததால் வாக்காளர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் வந்தார்கள். ஏஜென்சிகளோடு பின்னர் ஜிர்காக்கள் கூட்டித் தனித்தனியாகப் பேசி முடித்தார்கள். நீங்கள் கேட்ட உள்கோடு சட்டத்தில் அழிந்தது 2018-இல், பாகிஸ்தான் அரசியல் சட்டத்தின் 25-ஆம் திருத்தத்தால்.