ஒரே சோலைக்கு வாராவாரம் போவதில் பலன் உண்டா? (லாங்வுட் சோலை, கோத்தகிரி)

கேட்டவர்: ஜெராக்ஸ்கடை அக்கா

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு ஒரு நாள்தான் கடைக்கு லீவு. அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து காலை ஆறரைக்கெல்லாம் லாங்வுட் சோலை வாசலில் நின்றுவிடுகிறேன், பறவை பார்க்க. நடுவில் இரண்டு ஞாயிறு மழை விடவில்லை. மற்றபடி ஒன்பது வாரம் ஆகிவிட்டது.

இந்த ஆசை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளி ஆசிரியர் பறவைப் படம் ஒன்றை லேமினேஷன் செய்யக் கொண்டுவந்தார். நீல முதுகு, ஒல்லியான நீளக் கால், வயிற்றோரத்தில் செங்கல் நிறம். "இது எந்த ஊர்ப் பறவை சார்?" என்று கேட்டேன். "நம்ம லாங்வுட்லதான்மா இருக்கு, சோலைக்கிளி" என்றார். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். எல்லா வாரமும் என் நோட்டில் ஒரே பெயர்கள்தான் விழுகின்றன. செம்மீசைச் சின்னான், வெள்ளைக்கண்ணி, சாம்பல் சிட்டு, நீலகிரி ஈப்பிடிப்பான், கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான், உயரத்தில் நீலகிரி காட்டுப்புறா, அப்புறம் நாலைந்து வழக்கமானவை. ஒரு வாரம் பதினாலு, அடுத்த வாரம் பதினஞ்சு, அதற்கடுத்த வாரம் பதிமூணு. நீலகிரிச் சிரிப்பான் என்கிற பறவையின் சத்தம் ஒவ்வொரு வாரமும் கேட்கிறது, ஆனால் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். சோலைக்கிளி ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை. "அதே காட்டுக்கு எத்தனை தடவை போவே? முதுமலைக்கு வா, ஒரே நாளில் லிஸ்ட் நிறைஞ்சிடும்" என்கிறான் தம்பி. ஞாயிறு ஒன்றுதான் எனக்கு இருப்பதால் வீணாக்க மனசு வரவில்லை. இதே சோலைக்குத் தொடர்ந்து போகவா, வேறு இடம் பார்க்கவா? பார்த்ததையே திரும்பத் திரும்ப எழுதுவதில் யாருக்காவது பயன் உண்டா?

பதில்: இலைக்கணக்கு

தங்கச்சி, தொடர்ந்து போங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் டீ ஃபேக்டரியில் பச்சை இலை எடை போட்டு ரிஜிஸ்டர் எழுதி ஓய்வு பெற்றவன். பதினாலு வருஷமாக அதே லாங்வுட்தான். ஒரு நாள் இலை எடையை வைத்துத் தோட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. பத்து வருஷ ரிஜிஸ்டரைப் புரட்டினால் எந்த வருஷம் பனி கடுமை, எந்த வருஷம் மழை தப்பியது, எந்த வயல் களைத்துப்போனது என்று அதுவே பேசும். சோலையும் அப்படித்தான்.

உங்கள் நோட்டில் ஒரு குறை தெரிகிறது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். பெயர் எழுதுகிறீர்கள், எண்ணிக்கை எழுதவில்லை. 'செம்மீசைச் சின்னான்' என்று மட்டும் இருந்தால் ஒன்பது வாரமும் ஒன்றுபோலத்தான் தெரியும். 'செம்மீசைச் சின்னான் 22, வாசல் பக்கம், 6.40' என்று எழுதிப் பாருங்கள். போன டிசம்பரில் 22, இந்த டிசம்பரில் 9 என்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள், மூடுபனியா வெயிலா, இவையும் வேண்டும். பார்க்காத பறவைக்கும் கணக்கு உண்டு. பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் விடாமல் எழுதியிருந்தால்தான் எழுதாதது அன்று தென்படவில்லை என்று நம்பிச் சொல்ல முடியும். நோட்டில் இருப்பதை, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் இணையதளத்திலும் ஏற்றுங்கள். 2023-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை அலசியது. 30,000-க்கும் மேற்பட்ட பறவை பார்ப்பவர்கள் சேர்த்த 3 கோடிக்கும் மேலான பதிவுகளை வைத்துத்தான் அதைச் செய்தார்கள். அந்தப் பதிவுகள் நம்மைப் போன்றவர்கள் நடந்து எழுதியவை. யாருக்குப் பயன் என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து, உங்கள் பட்டியலைச் சின்னது என்று நினைக்க வேண்டாம். லாங்வுட் மொத்தமே சுமார் 116 ஹெக்டேர். சுற்றிலும் டீத்தோட்டமும் வீடுகளும். கீழே உள்ள ஊர்களுக்குத் தண்ணீர் இந்தச் சோலையிலிருந்துதான் இறங்குகிறது. 2024 ஜனவரியில் இதை ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தபோது, மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவை இனங்களில் 14 இங்கே இருப்பதாகச் சொன்னார்கள். நீங்கள் 'ஒரே பெயர்கள்' என்று அலுத்துக்கொண்ட நீலகிரி ஈப்பிடிப்பான், கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான், காட்டுப்புறா மூன்றும் அந்த வகைதான். சிரிப்பான் இன்னும் ஒரு படி மேலே. நீலகிரியையும் அதை ஒட்டிய மலைகளையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஜெர்டன் என்ற பறவை ஆய்வாளர் 1839-ல் அதற்குப் பெயர் வைத்தபோதே 'உரக்கச் சிரிப்பது' என்று பொருள் வரும்படிதான் வைத்தார். முதுமலைக்கு ஒரு நாள் தாராளமாகப் போய் வாருங்கள், அது நல்ல காடு, பறவையும் நிறைய. ஆனால் நம் சோலையில் இருப்பதை அங்கே தேட முடியாது.

இப்போது சோலைக்கிளி. நான் முதல் வருஷம் முழுக்க அதைப் பார்க்கவில்லை. காரணம், நடந்துகொண்டே இருந்தேன். இரண்டாம் வருஷம் ஏப்ரலில் ஒரு நாள் முழங்கால் வலித்து, ஓடை பாதைக்குக் கிட்டே வரும் இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழிந்திருக்கும். பத்தடி தள்ளி ஒரு காய்ந்த இலை மட்டும் அசைந்தது. காற்றே இல்லை. இலையைப் புரட்டிவிட்டு வெளியே வந்தது அது. இரண்டு தத்தல், ஒரு நிறுத்தம். நிற்கும்போது உடம்பு நிமிர்ந்து, கால் குச்சிபோல் நீண்டு நின்றது. நிழலில் கறுப்பாகத்தான் தெரிந்தது. இலைகளுக்கு நடுவே ஒரு காசு அளவு வெயில் விழுந்திருந்தது. அதில் கால் வைத்ததும் முதுகு முழுக்க நீலமானது. ஒரு புழுவை இழுத்தது, தரையில் இரண்டு முறை தட்டியது, விழுங்கியது, மறுபடி நிழலுக்குள் போய்விட்டது. மொத்தம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. அந்தக் கல்லில்தான் இன்றும் உட்காருகிறேன்.

அதனால் ஓடை ஓரமாக, அடர்ந்த செடிக்குக் கீழே தரை தெரியும் ஓர் இடமாகப் பார்த்து, நாற்பது நிமிஷம் அசையாமல் உட்காருங்கள். நடப்பதைப் பாதியாகக் குறைத்துவிடலாம். கறுப்போ பச்சையோ மங்கலான சால்வை போர்த்திக்கொள்ளுங்கள்.

போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். செய்யாதீர்கள். சில வருஷம் முன்னால் வெளியூரிலிருந்து படம் எடுக்க வந்த ஒரு கூட்டம் அதே ஓடைப் பக்கம் ஒரு மணி நேரம் விடாமல் குரல் ஓட்டியது. முட்டை வைக்கும் காலம். தன் இடத்துக்கு வேறு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பறவை வாலை உயர்த்திக்கொண்டு திரும்பத் திரும்ப வெளியே வந்தது, இரை தேடவே இல்லை. அடுத்த மூன்று வாரம் அந்த இடத்தில் சத்தமே கேட்கவில்லை. அன்று அவர்களிடம் வாய் திறந்து சொல்லாமல் வந்துவிட்டேன். இன்னும் மனசு உறுத்துகிறது. இப்போது யார் செய்தாலும் நேரே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

பதில்: கொடைக் குளிர்

வணக்கம் அக்கா, நான் கொடைக்கானல். எனக்கு வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பாம்பே சோலை. உங்கள் லாங்வுட்டைவிடச் சின்னது, ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்.

உங்கள் சோலைக்கிளியும் எங்கள் சோலைக்கிளியும் ஒன்றல்ல. நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. சோலைப் பறவைகள் குளிர்ந்த மலை உச்சியை விட்டு அந்தச் சூட்டில் இறங்கிக் கடக்காததால் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. உங்களுடையதற்கு வயிற்றோரம் செம்மை. எங்களுடையதற்கு அந்தச் செம்மை கிடையாது, வயிறு வெள்ளை. சிரிப்பானும் அப்படியே. உங்களுடையதற்கு மார்பு செம்பழுப்பு, எங்கள் பழனிச் சிரிப்பானுக்குச் சாம்பல். 2017-ல் மரபணுவைச் சோதித்துப் பார்த்து, இந்தச் சோலைக்கிளிகளுக்கென்று தனிப் பேரினமே உண்டாக்கினார்கள். பெயர் ஷோலிகோலா, அதாவது சோலையில் குடியிருப்பது. நம் சொல்லே அறிவியல் பெயரில் போய் உட்கார்ந்திருக்கிறது. இதை முதலில் படித்தபோது அம்மாவைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

அப்புறம், பொங்கலையொட்டி நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு வருகிறது. தமிழ்நாடு முழுக்க 2015 முதல் நடக்கிறது. கால் மணி நேரம் ஓர் இடத்தில் நின்று எண்ணினால் போதும். பொங்கலுக்குக் கடை லீவு விடுவீர்கள்தானே, லாங்வுட் கணக்கை நீங்களே எழுதுங்கள்.

பதில்: குன்னூர் மாணவன்

அக்கா, எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து. சோலைக்கு உள்ளேயே இருக்காதீர்கள். வெளி ஓரம், டீச்செடிக்கும் சோலைக்கும் நடுவில் நடந்து பாருங்கள். இப்போது வலசை வந்த பறவைகள் இருக்கும் காலம். சாம்பல் வாலாட்டி, பச்சைக் கதிர்க்குருவி எல்லாம் ஓரத்தில் சுலபமாகக் கிடைக்கும். மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும். உள்ளே போனால் சாம்பல்தலை ஈப்பிடிப்பான் சத்தத்துக்குக் காது கொடுங்கள். அது இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு கலப்புக் கூட்டமே வரும். தலைகீழாக மரத்தில் இறங்கும் பசையெடுப்பான், சாம்பல் சிட்டு, மின்சிட்டு எல்லாம் ஐந்து நிமிஷத்தில் தலைக்கு மேல் போய்விடும். அது வரும்போது எழுதாதீர்கள், பாருங்கள். போன பிறகு எழுதலாம்.

தனியாகப் போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். காட்டெருமை, கரடி இரண்டும் கோத்தகிரியில் வீட்டு வாசல் வரை வருபவை. விடிவதற்கு முன்னால் உள்ளே போகாதீர்கள். வனத்துறை ஆட்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அசையாமல் உட்காருவது நல்லதுதான், ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒரு மரம் இருக்கட்டும்.

கேட்டவர்: ஜெராக்ஸ்கடை அக்கா

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஞாயிறு, பத்தாவது தடவை. குன்னூர்த் தம்பி சொன்னபடி முதலில் ஓரமாக நடந்தேன். சாம்பல் வாலாட்டி 2. வாலுக்கு அடியில் மஞ்சள் இருக்கும் என்று இப்போதுதான் கவனித்தேன், ஒன்பது வாரமாக 'வாலாட்டி' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அப்புறம் ஐயா சொன்னபடி ஓடைப் பக்கம், மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். முதல் கால் மணி நேரம் ஒன்றுமே இல்லை. கால் மரத்துப்போனது. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது என் வலது பக்கச் செடிக்குள் சிரிப்பான் ஜோடி வந்தது, ஆறேழு அடி தூரம். பைனாகுலரைத் தூக்கவே இல்லை, தூக்கியிருந்தால் போயிருக்கும். கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், மோவாய் கறுப்பு, கீழே முழுக்கச் செம்பழுப்பு. ஒன்று கறுப்பாக ஒரு சின்னப் பழத்தைப் பறித்து அலகு நுனியில் வைத்துக்கொண்டு மற்றதைப் பார்த்தது. மற்றது வாங்கிக்கொள்ளும் என்று நினைத்தேன், வாங்கவில்லை. இதுவே விழுங்கிவிட்டு, அலகைக் கிளையில் இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை துடைத்தது. அப்புறம் இரண்டும் சேர்ந்து சிரித்தன பாருங்கள், அவ்வளவு கிட்டத்தில் கேட்டதே இல்லை, நெஞ்சுக்குள் அதிர்ந்தது.

சோலைக்கிளி வரவில்லை. தரையை ஒட்டி மெல்லிசாக ஒரு விசில் சத்தம் இரண்டு தடவை கேட்டது. அதுவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அதனால் பெயர் போடாமல் 'விசில், தெரியவில்லை' என்று எழுதினேன். சரியா ஐயா?

பதில்: இலைக்கணக்கு

மிகச் சரி. தெரியாததைத் தெரியாது என்று எழுதிய வரிதான் நோட்டிலேயே நல்ல வரி. சிரிப்பான் வந்தது எத்தனை மணிக்கு? என்ன பழம்?

கேட்டவர்: ஜெராக்ஸ்கடை அக்கா

7.52. பழத்தின் பெயர் தெரியாது. இலை ஒன்று உதிர்ந்து கிடந்ததை எடுத்து வந்திருக்கிறேன். கடை மெஷினில் வைத்து இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து நோட்டில் ஒட்டியாகிவிட்டது. பொங்கலன்று காலை கொண்டுவருகிறேன், வாசலில் இருப்பீர்களா?